நீலப் புள்ளி

கொல்லிமலை. காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறியாச்சு.
மேல போனதும் நெட் போயிடுச்சு.
மேப்ல ரோடெல்லாம் காணோம். வெறும் சாம்பல் கட்டம். நடுவுல நீலப் புள்ளி மட்டும் நகருது.
(ஜிபிஎஸ் செயற்கைக்கோள்ல இருந்து வருது, அதுக்கு நெட் வேண்டாம்.)

ஒரு வீட்டு வாசல்ல பாட்டி மிளகு காய வச்சுட்டிருந்தாங்க.
"அரப்பளீஸ்வரர் கோயிலா கண்ணு? பஸ் போற ரோட்டுலயே போ. அருவிக்கு இறங்குறதுன்னா தண்ணி எடுத்துக்கோ. ஏறும்போதுதான் தெரியும்."
பாட்டிலை வாங்கி அவங்களே ரொப்பிக் குடுத்தாங்க. கையெல்லாம் மிளகு வாசம்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படி.
திரும்பி ஏறுறப்போ பாதியில உட்கார்ந்துட்டேன். அந்தத் தண்ணிதான் காப்பாத்துச்சு.
பாட்டியை இன்னும் நினைச்சுட்டே இருக்கேன்.

போறவங்க மேப்பை அடிவாரத்துலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க.
வழியை மட்டும் மனுஷங்ககிட்ட கேளுங்க.