மீனுக்கு உப்பு



காரைக்கால் பக்கம் மீன் என்றால் குழம்பு, வறுவல், மிச்சமிருந்தால் கருவாடு. அப்படிப்பட்ட ஊரில், "எங்க வீட்டு மீனுக்கு உடம்பு சரியில்ல" என்று நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். தொட்டியில் மீன் வளர்க்கிறவர்கள் நம் பள்ளியிலேயே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மீன் எங்களுடையது இல்லை. திருநள்ளாறு சித்தி வீட்டுத் தம்பியுடையது. அவனுக்கு ஆறு வயசு. மாங்கனித் திருவிழா சமயத்தில் அடம்பிடித்து இரண்டு தங்கமீன் வாங்கினான். விற்றவர் ஒரு உருண்டைக் கண்ணாடிக் குடுவையும் கொடுத்து, "இது போதும், தினம் மூணு வேளை தீனி போடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதில் நாலு லிட்டர் தண்ணிகூடப் பிடிக்காது. பத்தே நாளில் ஒன்று செத்துவிட்டது. அது தூங்குகிறது என்று தம்பியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மீனுக்கு இமையே கிடையாது, கண்ணைத் திறந்துகொண்டேதான் தூங்கும். அதனால் அவனும் நம்பிவிட்டான்.

நான் போன அன்று இரண்டாவது மீன் தண்ணிக்கு மேலே வாயை வைத்து ஆ ஆ என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டியிருந்தது. வாலில் சிவப்புக் கோடுகள். உடம்பு முழுக்க ரவையைத் தூவினது போல வெள்ளைப் புள்ளி. "இதுவும் போயிடும்டி. அதே கலர்ல வேற ஒண்ணு வாங்கி வச்சிட்டா அவனுக்குத் தெரியவா போகுது?" என்றார் சித்தி. தெரியும். வால் ஓரத்தில் அதற்கு ஒரு கறுப்பு மச்சம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவன் 'மச்சக்காரன்' என்றே பெயர் வைத்தான். நான் ஒரு மூடி போட்ட வாளியில் மச்சக்காரனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், அரசலாத்துல விட்டுடு, புண்ணியமாப் போவும்" என்றது. அப்பாயி நல்ல மனசோடுதான் சொன்னது. ஆனால் ஆற்றில் விடக்கூடாது. தங்கமீனும் நம் குளத்துக் கட்லா, ரோகு மாதிரி கெண்டைக் குடும்பம்தான். சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சாதாரணக் கெண்டை இனத்தில் தங்க நிறமாகப் பிறந்தவற்றைத் தனியாகப் பிரித்து வளர்த்து வந்தது. சொந்தக்காரன் நோயோடு ஆற்றுக்குப் போனால் ஆற்றுக் கெண்டைக்கும் அந்த நோய் ஒட்டும். நோய் இல்லாவிட்டாலும் ஆபத்துதான். ஆஸ்திரேலியாவில் வாஸ் என்ற ஆற்றில் யாரோ விட்ட தங்கமீன்கள் பெருகி, ஒரு கிலோவுக்கு மேலே வளர்ந்து, அந்த ஊர் மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன.

மறுநாள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. "மீனுக்கு மருந்து தேடறதுக்கு முன்னாடி தண்ணிய பாரு" என்றார்கள். விஷயம் இதுதான். மீன் தன் உடம்புக் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியே விடுகிறது. ஆற்றில் அது கலைந்து போய்விடும். குடுவையில் எங்கே போகும்? போட்ட தீனியில் மிச்சமானது அழுகி, அதிலிருந்தும் அம்மோனியா. பழகின பெரிய தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் இருந்து, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் அந்தப் பாக்டீரியா வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுக் குடுவையில் அது ஏது! மச்சக்காரன் மூச்சு வாங்கியதும் வால் சிவந்ததும் தன் கழிவிலேயே வெந்துகொண்டிருந்ததால். வெள்ளைப் புள்ளி மட்டும் வேறு. அது ஒரு ஒட்டுண்ணி. பலவீனமான மீனைப் பார்த்தால் விடாது.

துணி ஊறவைக்கிற 40 லிட்டர் டப்பை அம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். சோப்பு போடாமல் வெறும் தண்ணியிலேயே நாலு தடவை கழுவினேன். குழாய்த் தண்ணியில் குளோரின் இருக்கும். அது செவுளை எரிக்கும். அதனால் பிடித்த தண்ணியை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்துதான் ஊற்றினேன். அப்புறம் உப்பு. லிட்டருக்கு 3 கிராம் கல்லுப்பு, அயோடின் கலக்காதது. ஆக மொத்தம் 120 கிராம். பாய் கடையில் போய், "120 கிராம் சரியா நிறுத்துக் கொடுங்க பாய்" என்றேன்.

"எதுக்கும்மா?"

"மீனுக்கு."

"நூத்தி இருபது கிராம்ல என்ன கருவாடு போடப் போற?" என்று அவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது.

அதை மூன்று பங்காகப் பிரித்து, அரை நாளுக்கு ஒரு பங்கு என்று கரைத்து ஊற்றினேன். ஒரேயடியாகப் போட்டால் மீன் தாங்காது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணியை, அதாவது 13 லிட்டர், மொண்டு வெளியே ஊற்றிவிட்டு அதே அளவு புதுத் தண்ணியும் அதற்கான 40 கிராம் உப்பும். முதல் இரண்டு நாள் தீனியே போடவில்லை. தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். நோயாளிக்குப் பட்டினி நல்லது என்று அப்பாயி சொல்வது இங்கே பொருந்தியது. வெயில் காலம் என்பதால் டப்பைத் திண்ணை நிழலில் வைத்தேன். சூடான தண்ணியில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மோட்டார் இல்லை. காலை, மாலை, படிக்கும்போது நடுநடுவே என்று சொம்பில் மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். பூனைக்காகப் பழைய கொசுவலையைப் போட்டுக் கட்டினோம்.

நாலாம் நாள் ராத்திரி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அப்பா டார்ச் அடித்துப் பார்த்து, "படு பாப்பா, காலையில பாக்கலாம்" என்றார். அப்பா அப்படிச் சொன்னால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பத்து மணி வரை சொம்பால் ஊற்றினேன். போனில் தம்பி வேறு, "அக்கா, மச்சக்காரன் எந்திரிச்சிட்டானா?" என்று கேட்டான். தூங்குகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உடம்பு ரொம்ப முடியல, பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த இன்னொண்ணு தூங்கலயா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அழுதான். சித்திக்கு என் மேல் கோபம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

காலையில் மச்சக்காரன் நிமிர்ந்து நின்றது. ஆறாம் நாள் புள்ளியெல்லாம் போய்விட்டது. இங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தக்கூடாது. மீன் தோலுக்குள் இருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை உப்பு ஒன்றும் செய்யாது. அது உதிர்ந்து, அடியில் போய் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சாகப் பிரிந்து, அந்தக் குஞ்சுகள் வேறு மீனைத் தேடி நீந்துகிறபோதுதான் உப்பில் சாகும். அதனால் பதினாலு நாள் விடாமல் செய்தேன். எட்டாம் நாள் வேகவைத்த பச்சைப் பட்டாணியைத் தோலுரித்து, நசுக்கிப் போட்டேன். தின்றுவிட்டு இன்னும் இருக்கா என்று என் விரலையே கவ்வியது. பல் படவில்லை, கூசியது.

இப்போது வால் ஓரம் மட்டும் கொஞ்சம் கிழிசலாக இருக்கிறது. தம்பி மீனைத் திருப்பிக் கேட்கிறான். கொடுக்கத்தான் வேண்டும், அவனுடையதுதானே. ஆனால் அந்தக் குடுவைக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. தங்கமீன் நன்றாக இருந்தால் பத்து, பதினைந்து வருஷம் வாழும். இங்கிலாந்தில் ஒன்று 43 வருஷம் வாழ்ந்து 1999-இல்தான் செத்தது. நம் அப்பா அம்மா வயசு! சித்தியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன், பெரிய தொட்டி வந்தால்தான் மீன் வரும் என்று. சித்தப்பா சரி என்றிருக்கிறார்.

ஆகவே, உங்கள் யார் வீட்டிலாவது மாட்டுக்குத் தண்ணி காட்டின பழைய சிமெண்ட் தொட்டி ஓட்டை இல்லாமல் சும்மா கிடந்தால் என்னிடம் சொல்லுங்கள். புதுசு வேண்டாம், புது சிமெண்டில் சுண்ணாம்பு கரைந்து தண்ணி கெட்டுவிடும். சித்தப்பா வண்டி எடுத்துக்கொண்டு வந்து தூக்கிக்கொள்வார்.