தூரிகை பிடித்த குடும்பப் பெண்கள்



ரூபவாஹினியில் 'ஒஷின்' தொடர் போன காலத்தில் அடுப்பு வேலையை அவசரமாக முடித்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன்னால் வந்து அமர்ந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் மூழ்கிப்போய்ப் பார்ப்பவற்றிலும் ஜப்பானியத் தொடர்கள் நிறைய உண்டு. ஆனால் அவை நடிகர்கள் நடித்தவை அல்ல. ஒவ்வொரு படமாக வரைந்து உயிரூட்டப்பட்டவை. 'அனிமே' என்கிறார்கள்.

"உம்மா, இது சின்னப் புள்ளயள்ட கார்ட்டூன் இல்ல, கொஞ்சம் இருந்து பாருங்க" என்று என் மகள் பிடிவாதமாகக் காட்டிய தொடர்தான் 'வயலட் எவர்கார்டன்'. மொத்தம் 13 பாகங்கள். 2018 ஜனவரியில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அனிமே எல்லாமே பிள்ளைகளுக்கு ஏற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. கூட இருந்து பார்க்காமல் பிள்ளையின் கையில் கொடுக்கவே கூடாதவையும் அவற்றில் ஏராளம். ஆனால் இந்தத் தொடரைப் பார்த்து முடித்த பின், இதை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று தேடி வாசித்தபோது கிடைத்த செய்திகளை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

இதைத் தயாரித்தது கியோட்டோ அனிமேஷன் என்ற நிறுவனம். ஜப்பானில் இத்தொழில் பெரும்பாலும் தோக்கியோவில்தான் குவிந்து கிடக்கிறது. யோகோ ஹத்தா என்ற பெண்மணி அங்கேதான், முஷி என்ற கலையகத்தில், படங்களுக்கு வர்ணம் பூசும் வேலை பார்த்தவர். கலியாணம் முடித்து, கியோட்டோவுக்கு அருகே தேயிலைக்குப் பேர்போன உஜி நகருக்கு வந்த பின்னும் கைத்தொழில் கையில்தானே இருக்கும்! 1981இல் அயல்வீட்டுக் குடும்பப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, தோக்கியோ கலையகங்களிலிருந்து வேலை வாங்கி வர்ணம் பூசிக் கொடுக்க ஆரம்பித்தார். கண்ணாடி போன்ற மெல்லிய தாளின் ஒரு பக்கம் கோட்டுருவம் இருக்கும். அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் கோடு தாண்டாமல் வர்ணம் தீட்ட வேண்டும். நம் ஊர்களில் வீட்டுக்கு எடுத்துத் தைத்துக் கொடுக்கும் தையல் வேலையைப் போன்றதுதான். பார்ப்பவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. அந்தச் சிறு கூட்டம் 1985இல் கம்பனியாயிற்று. சொந்தமாக ஒரு முழுத் தொலைக்காட்சித் தொடரைத் தயாரிக்க 2003 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலின் பாரத்தை நீங்கள் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும் வினாடிக்கு எட்டுப் படம் வேண்டும். அரை மணி நேரப் பாகம் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் வரைய வேண்டியிருக்கும். இரண்டு முக்கிய அசைவுகளுக்கு இடைப்பட்ட படங்களை வரையும் இளம் கலைஞர்களுக்குப் பல இடங்களில் படம் ஒன்றுக்குச் சுமார் 200 யென்தான் கூலி. அதுவும் துண்டுக் கணக்கு. கியோட்டோ அனிமேஷன் அந்த வழியில் போகவில்லை. ஆட்களைத் தாமே பயிற்றி, மாதச் சம்பளத்துக்கு நிரந்தரமாக வைத்துக்கொண்டது. பெண் கலைஞர்கள் அங்கே அதிகம். அந்தப் படங்களின் நேர்த்திக்கு இதைவிட வேறு இரகசியம் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கதையையும் அவர்கள் வெளியே போய் வாங்கவில்லை. நிறுவனம் நடத்திய நாவல் போட்டியில் கானா அகாட்சுகி எழுதிய இக்கதை 2014இல் முதற்பரிசு பெற்றது. 2015 டிசம்பரில் புத்தகமாயிற்று. அதன் பின்னும் தொடர் வெளிவர இரண்டு வருடத்துக்கு மேலாயிற்று. தாயிச்சி இஷிதாதே இயக்கினார். கதைவசனப் பொறுப்பை ரெய்கோ யோஷிதாவும் உருவ அமைப்பை அகிகோ தகாசேயும் ஏற்றார்கள். அந்தக் கதாநாயகியின் உடுப்பைப் பாருங்கள்: நாடாக்கள், மடிப்புகள், கழுத்தில் பச்சைக் கல் பதித்த புரோச். இத்தனையையும் ஒவ்வொரு படத்திலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டுமே என்று எனக்குத்தான் கை வலித்தது!

வயலட் போர்க்களத்தில் வளர்ந்த பெண். யுத்தத்தில் இரண்டு கைகளையும் இழந்து, உலோகக் கைகளோடு வாழ்கிறாள். யுத்தம் முடிந்த பின், எழுதத் தெரியாதவர்களுக்கும் எழுத முடியாதவர்களுக்கும் தட்டச்சில் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்கிறாள். பத்தாம் பாகத்தில் ஒரு தாய் அவளை வீட்டுக்கு அழைக்கிறாள். நோயாளி. ஏழு வயது மகள் ஆனுக்கு உம்மாவைத் தவிர யாருமில்லை. ஏழு நாட்களாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கடிதம் எழுதுகிறார்கள். "உம்மாவுக்கு மிச்சமிருக்கிற நாளையும் இவள் பறிக்கிறாளே" என்று பிள்ளை அழுது சண்டை பிடிக்கிறாள். தாய் மௌத்தான பிறகு, அடுத்த பிறந்தநாளன்று ஒரு கடிதம் வருகிறது. அதற்கடுத்த வருடமும் வருகிறது. ஐம்பது வருடங்களுக்கு ஐம்பது கடிதங்கள்! அந்தப் பிள்ளை வளர்ந்து தானும் தாயான பின்னும் உம்மாவின் சொல் வந்துகொண்டே இருக்கிறது. சகோதரிகளே, தனியாக இருந்து பார்க்காதீர்கள்.

2019 ஜூலை 18ஆம் திகதி காலை, கியோட்டோவின் ஃபுஷிமி பகுதியிலிருந்த அவர்களின் முதலாவது கலையகத்துக்குள் ஒருவன் பெற்றோலை ஊற்றித் தீ வைத்தான். மூன்று மாடிக் கட்டடத்தில் அப்போது சுமார் 70 பேர் வேலையில் இருந்தார்கள். 36 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தன் கதையைத் திருடிவிட்டார்கள் என்பது அவன் சொன்ன காரணம். வயலட்டின் கதைக்குப் பரிசு கொடுத்த அதே போட்டிக்கு எழுதி அனுப்பித் தேறாதவன் அவன். 2024 ஜனவரியில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

தீ வைக்கப்பட்டதற்கு முந்திய நாள்தான் வயலட்டின் கிளைக்கதைத் திரைப்படம் ஒன்றை அவர்கள் முடித்திருந்தார்கள். ஹருகா ஃபுஜிதா என்ற பெண் இயக்கிய படம் அது. குறித்தபடி செப்டம்பர் 6ஆம் திகதி ஜப்பானில் திரையிட்டார்கள். சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவர்களின் பெயரைப் படத்தின் முடிவில் போடுவது அந்த நிறுவனத்தில் வழக்கமில்லை. இம்முறை வழக்கத்தை விட்டுவிட்டு, அந்தப் படத்தில் கை வைத்த எல்லோருடைய பெயரையும் போட்டார்கள். அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள், இல்லாதவர்கள், நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள் என்று பிரிக்காமல், பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறிப் போகின்றன.