வழிமறித்த பிரமுகர்கள்

வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் பிரயாணம் கிளம்புவது நம் வழக்கம். வீட்டையே ஓட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, ஐஸ் பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளே அடங்கிய அந்த வண்டிக்கு 'மோட்டார் ஹோம்' என்று பெயர். கோடை வந்ததும் இப்படிப்பட்ட வண்டிகள் சாரி சாரியாக வடக்கு நோக்கி ஊர்ந்து செல்லும் ஒரு சாலை உண்டு. கனடாவில் டாசன் கிரீக் என்ற ஊரில் தொடங்கி, அமெரிக்காவின் அலாஸ்காவில் டெல்டா ஜங்ஷன் என்ற ஊரில் முடிகிற அலாஸ்கா நெடுஞ்சாலைதான் அது. நீளம் ஏறக்குறைய 2,230 கிலோமீட்டர்.

எட்மன்டனில் குடியிருக்கும் என் நண்பரும் அவர் மனைவியும் ஒரு ஜூன் மாதத்தில் அந்த வழியே போகத் திட்டமிட்டு என்னையும் அழைத்தார்கள். எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: கரடி பார்க்க வேண்டும்.

கரடி இருக்கட்டும், நேயர்களே. சாலையின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், அலாஸ்காவுக்குத் தரைவழி இல்லையே என்று அமெரிக்காவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. 1942 மார்ச்சில் வேலை ஆரம்பம். நவம்பரில் திறப்பு விழா! பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் காட்டை வெட்டித் தள்ளினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பர்கள். படையில் அவர்களைத் தனியே ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. ஆனால் அந்த அக்டோபரில் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காட்டைப் பிளந்துகொண்டு வந்த இரண்டு புல்டோசர்கள் பீவர் கிரீக் அருகே சந்தித்தபோது, ஒன்றை ஓட்டி வந்தவர் கறுப்பர், மற்றதை ஓட்டி வந்தவர் வெள்ளையர். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

முதல் நாள் மாலையே கரடி தரிசனம் கிடைத்துவிட்டது. கர்ஜனையும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. சாலையோரப் புல்லில் பூத்திருந்த டான்டிலியன் என்ற மஞ்சள் பூக்களை ஒரு கருங்கரடி வாய் வாயாகப் பறித்துத் தின்றுகொண்டிருந்தது. ராமநவமிப் பந்தலில் கோசுமல்லி சாப்பிடுகிற பெரியவரின் நிதானம்! வண்டியை நிறுத்தி, ஜன்னலைக்கூடத் திறக்காமல் பார்த்தோம். அது எங்களை ஒரு முறை பார்த்தது. பிறகு பூவே மேல் என்று தீர்மானித்துவிட்டது.

மறுநாள் இந்தச் சாலையிலேயே மிக உயரமான இடமாகிய சம்மிட் ஏரிக்கு ஏறினோம். அங்கே 'ஸ்டோன்' என்ற இனத்து மலையாடுகள் நடுச்சாலையில் மண்டியிட்டுத் தாரை நக்கிக்கொண்டிருந்தன. உப்புக்காக இந்தப் பாடு! மலையில் மேய்கிற பிராணிக்கு உப்புச் சத்து கிடைப்பது அருமை. சாலையில் அது சுலபமாகக் கிடைக்கிறது. லாரி வருகிறதா என்ற கவலை அவற்றுக்கு இல்லை. கவலைப்பட வேண்டியவர் நாம்தான்.

அந்த மலையிலிருந்து இறங்கும்போது எங்களுக்கு முதல் விபத்து. பழுது பார்ப்பதற்காக ஜல்லி கொட்டியிருந்த இடத்தில் எதிரே வந்த லாரி ஒன்று ஒரு கூழாங்கல்லை எங்களுக்குப் பரிசளித்துவிட்டுப் போயிற்று. 'டொக்' என்று ஒரு சத்தம். முன்கண்ணாடியில் சிலந்தி வலை. வாடகை வண்டியாயிற்றே என்று நண்பருக்கு முகம் சுண்டிவிட்டது. வழியில் பெட்ரோல் போடும் சத்திரத்துக்காரர் விரிசலில் ஏதோ பசையை விட்டு அடைத்தார். "இதுவரை ஒன்றுதானா?" என்று சிரித்தார்.

லியார்டு நதிப் பக்கம் வந்தபோது மாலை எட்டு மணி. சூரியன் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தான். அங்கேதான் பிரமுகர்கள் எங்களை வழிமறித்தார்கள். இருபது இருபத்தைந்து பைசன்கள்! நீலகிரியில் சிலர் பைசன் என்று சொல்லும் காட்டெருமை வேறு, இது வேறு. தோள்மேல் பெரிய திமில், முகமெல்லாம் தாடி, கம்பளி போர்த்த உடம்பு. வளர்ந்த கடா ஒரு டன்னை நெருங்கும். சிவந்த குட்டிகள் நடுவே துள்ள, சில பெரியவை சாலையில் படுத்தே விட்டன.

அரைமணி நேரம் காத்திருந்தோம். பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் காமிராவோடு இறங்கி, ஒரு கடாவை நோக்கி நடந்தார். "ஐயோ, இந்த மனிதருக்கு வீட்டில் யாரும் இல்லையா? இதோ பாருங்கள், ஹாரன் அடித்துக் கூப்பிடுங்களேன்!" என்று நண்பரின் மனைவி பதறினார். ஹாரன் அடித்தால் கடா மிரளுமே என்று நண்பர் தயங்கினார். அதற்குள் கடா வாலைக் கொடிக்கம்பம்போல் நிமிர்த்தியது. அதன் பொருள் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காமிராவை அணைத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தை நான் எந்தப் பந்தயத்திலும் பார்த்ததில்லை.

சிரித்துக்கொண்டே புறப்பட்டோம். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் சிரிப்பு நின்றது. சாலையோரச் சரிவில் ஒரு பசு பைசன் செத்துக் கிடந்தது. பக்கத்துப் புல்லில் உடைந்த விளக்குக் கண்ணாடி மினுங்கிற்று. சற்றுத் தள்ளி ஒரு சிவந்த குட்டி நின்றது. போகவும் இல்லை, மேயவும் இல்லை.

'வுட் பைசன்' என்ற இந்த வடக்கத்தி இனம் அடியோடு அற்றுப்போயிற்று என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1957-இல் கனடாவின் வுட் பஃபலோ தேசியப் பூங்காவின் எட்டாத மூலையில் ஒரு மந்தை தென்பட்டது. அந்த வம்சத்திலிருந்து வளர்த்தவற்றில் சிலவற்றை 1995-இல் லியார்டு நதிக்கரையில் கொண்டுவந்து விட்டார்கள். அவையோ நதிக்கரையைவிட நெடுஞ்சாலை ஓரமே மேல் என்று கண்டுகொண்டன. மரம் வெட்டித் திறந்துவிட்ட இடத்தில் புல் செழிக்கிறது அல்லவா? துப்பாக்கிக்குத் தப்பி மீண்ட இனத்துக்கு இங்கே பெரிய யமன் மோட்டார் வண்டிதான். குளிர்காலத்து நீண்ட இரவில் கறுத்த ரோமம் விளக்கொளியில் தெரிவதே இல்லையாம்.

நண்பர் அதன் பிறகு அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை.

அன்றிரவு முகாமில் ஜன்னல் வலை கிழிந்திருந்ததால் கொசுக்கள் விருந்துக்கு வந்தன. விடிந்தபோது நண்பரின் நெற்றி ஜவ்வரிசி வடகம்போல் இருந்தது.

யூகான் பிரதேசத்தைத் தாண்டும்போது சாலையே அலை அடிக்கிறது. அடியில் மண் என்றைக்கும் உறைந்தே கிடக்கிறது. 1942-இல் மேலே போர்த்தியிருந்த பாசியை வழித்தபோது, வெயில் பட்டுப் பனி இளகி இயந்திரங்கள் சேற்றில் புதைந்தன. இன்றும் உறைவதும் இளகுவதுமாகத் தார்ச்சாலை மேடும் பள்ளமுமாக நெளிகிறது. அப்படி ஒரு மேட்டில் எங்கள் வீடு எகிறியதும் அலமாரி திறந்து, புளிக்காய்ச்சல் ஜாடி படுக்கையில் அபிஷேகமாயிற்று. போர்வையை வெளியே அலசலாமா? கூடாது! மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி முகாமைச் சுற்றியே வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல நேரிடும். டான்டிலியன் தின்ற அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டு, நண்பரின் மனைவி போர்வையைக் குளியலறைக்குள்ளேயே மூன்று தண்ணீரில் அலசினார்.

குளுவானே ஏரிக்கரையில் மலைமேல் சிதறிய பனித்துண்டுகளைப் பார்த்தோம். பைனாகுலரில் பார்த்தால் பனித்துண்டுகள் நடந்தன! அவை 'டால்' என்ற வெள்ளை மலையாடுகள். கீழே ஏரியின் தலைமாட்டில் புழுதி பறந்தது. அங்கே ஓடிய பனிநதி 2016-இல், மேலே பனிப்பாறை உருகிப் பின்வாங்கியதால், சில நாட்களுக்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இப்போது வறண்ட மணல் காற்றில் எழுகிறது.

டெல்டா ஜங்ஷனில் சாலை முடிகிற இடத்தில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். பக்கத்திலே, சிங்கமோ கரடியோ அல்ல, பிரம்மாண்டமான கொசுச் சிலைகள்! எல்லோரும் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் நண்பர் மட்டும் நெற்றியைத் தடவியபடி மறுத்துவிட்டார்.