டிரெய்லர் வாங்கினேன் சார்!

"டிரெய்லர் வாங்கியிருக்கேன்" என்று ஆபீஸில் சொன்னதும் பக்கத்து ஸீட்காரர் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் படம்?"

எதிர் ஸீட்காரருக்குச் சொந்த ஊர் சங்ககிரி. அவர் கேள்வி வேறு. "எத்தனை டயரு? சிமெண்ட் லோடா?"

"இல்லீங்க. இது வீடு மாதிரி. உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். ஜீப்புக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போகலாம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்து ஸீட்காரர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாச்சும் பிரச்னையா?" என்றார்.

பிரச்னை வீட்டில் இல்லை, ரோட்டில். என் அப்பா 32 வருஷம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் இருந்து தூத்துக்குடி போய் உப்பு ஏற்றி வருவார். வீட்டுக்கு வந்தால் உப்பளத்தைப் பற்றித்தான் பேச்சு. 'கொளுத்தற வெயில்ல பனி கொட்டின மாதிரி இருக்கும்' என்பார். அம்மா கேட்டுக்கொண்டே சோறு போடுவாள். அவள் பார்த்த அதிகபட்ச தூரம், எங்கள் புதுச்சத்திரத்தில் இருந்து பழநி.

அப்பா ஓய்வு பெற்றதும் 'வா, கூட்டிட்டுப் போறேன்' என்றார். அதற்குள் அம்மாவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாத்ரூம் போக வேண்டும். ஆம்பளைங்களுக்கென்ன சார், வண்டியை ஓரங்கட்டினால் புளியமரம் இருக்கிறது. அம்மாவோ பஸ் ஏறுகிற நாளில் காலையில் இருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். ஒரு தடவை அப்படித்தான் ராசிபுரம் கல்யாணத்தில் மயங்கி விழுந்தாள். அதோடு 'நான் எங்கயும் வரலை சாமி' என்று உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஃபைபர் உடம்பு, ரெண்டு சக்கரம், உள்ளே குட்டியாக ஒரு கக்கூஸ். என் கண்ணுக்கு மற்றது எதுவுமே தெரியவில்லை.

டீலர் இருப்பது ஒரு பெரிய நகரத்தில். ஊரும் வேண்டாம், பேரும் வேண்டாம். ஷோரூமில் ஏ.ஸி. இருந்தது, காபி இருந்தது, டை கட்டிய ஒரு பையன் இருந்தான். நான் எதைக் கேட்டாலும் 'அது இருக்கு சார்' என்றான். சர்வீஸ்? '24 மணி நேரமும் சார். நீங்க போன் பண்ணினா போதும்.' அவன் சொன்னது பொய்யில்லை என்று பிற்பாடு புரிந்தது. போன் பண்ணினால் போதும்தான். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

விலை 6 லட்சத்து 40 ஆயிரம். பேங்க் மேனேஜர் ரொம்ப நேரம் யோசித்தார். "டிராக்டர் டிரெய்லர்னா விவசாயக் கடன்ல போடலாம். இது மேல நெல்லு ஏத்த முடியுமா?" என்றார். முடியாது என்றதும் பெர்சனல் லோன் வட்டியைப் போட்டார். குறைந்த பணத்துக்கு அம்மா ரெண்டு எருமையை விற்றாள். அதை நான் கேட்கவில்லை. சந்தைக்குப் போய் வந்த பிறகுதான் சொன்னாள்.

வண்டிப் பதிவு சிரமப்படுத்தவில்லை. பதிவுப் பட்டியலில் 'கேம்பர் வேன்/டிரெய்லர்' என்று தனி இனமே இருக்கிறது, தெரியுமோ? மாமனாரின் பொலிரோவில் கொக்கி மாட்டி, சேலத்துக்கு இழுத்து வந்தேன். ஐந்து ரோடு சிக்னலில் ஒரு பெரியவர் ஜன்னலைத் தட்டி "நாலு இட்லி, ஒரு வடை" என்றார். எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மூலை வீட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "யாருக்கு என்னாச்சுங்க?" வெள்ளைப் பெட்டியைப் பார்த்து, சவம் வைக்கிற ஃப்ரீஸர் வண்டி என்று நினைத்துவிட்டார்!

வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் என் வண்டவாளம் தெரிந்தது. ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. வலது பக்கம் ஒடித்தால் பக்கத்து வீட்டுத் துளசி மாடத்துக்குப் போகிறது. அரை மணி நேரம் தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஸ்டீரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிடா. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகத்து. அவ்வளவுதான்."

அவ்வளவேதான். பி.காம். படித்ததில் இது வரவில்லை. இன்னொன்றும் சொன்னார்: சாமான்களை எல்லாம் பின்னாடி அடுக்கக் கூடாதாம். பின்பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், இழுக்கிற வண்டியையே சுழற்றிவிடும். டீலர் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் மெத்தை உறையின் கலரைப் பற்றி ரெண்டு பக்கம் இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

முதல் பயணம் ஜேடர்பாளையம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20. அதெல்லாம் வேண்டாம், காவிரிக்கரையில் சொந்தக்காரர் தென்னந்தோப்பில் ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்போம் என்று முடிவு. அம்மாவுக்கு ஒரே ஒரு வருத்தம். வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் ஆள் உட்காரக் கூடாது என்றதும், "அப்ப நான் படுத்துக்கிட்டு வர முடியாதா கண்ணு?" என்றாள். நாமக்கல் தாண்டியதும் பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். இறங்கிப் போய்க் கேட்டால், "ஏனுங்க, லெஃப்ட்ல இண்டிகேட்டர் போட்டுட்டு ரைட்ல திரும்பறீங்க?" நான் சரியாகத்தான் திரும்பினேன். டிரெய்லர்தான் மாற்றிக் கண்ணடித்திருக்கிறது. வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்!

ராத்திரி பதினோரு மணிக்கு மழை பிடித்தது. பத்து நிமிஷத்தில் கூரையில் இருந்து முதல் சொட்டு, குறி பார்த்து அம்மாவின் நெற்றியில். பிறகு சமையல் மேடையில். பிறகு எங்கே என்று கேட்காதீர்கள். பாத்ரூம் குழாயைத் திறந்தேன். தண்ணீர் குழாயில் வரவில்லை, தரைக்கடியில் வந்தது. திரும்பிப் பார்க்கிறேன்... அப்பா கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறார். வண்டிக்கு உள்ளே!

"32 வருஷம் தார்ப்பாய் கட்டி உப்பு கொண்டாந்திருக்கேன். ஒரு மூட்டை கரைஞ்சதில்லை" என்றார். "ஆறு லட்சம் குடுத்து வாங்கின வண்டியில உங்கம்மா நனையுறா."

அம்மா எதுவும் சொல்லவில்லை. விடியும் முன்னே டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு எருமைகள் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஆரம்பித்தது சர்வீஸ் படலம். முதல் வாரம், 'உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டோம் சார்.' ரெண்டாவது வாரம், 'மெக்கானிக் கிளம்பிட்டார் சார்.' எந்த வழியாக வந்தாரோ, அவர் சேலம் வந்து சேரவே இல்லை. மூன்றாவது வாரம் வேறொரு குரல். "அது லீக் இல்ல சார். நீங்க மூச்சு விடறதுனால உள்ளே ஈரம் படியுது." அன்று ராத்திரி எங்கள் வீட்டில் மூன்று பேரும் குடம் குடமாக மூச்சு விட்டோம் போலிருக்கிறது! குழாய் மோட்டார் என்றால் மோட்டார் கம்பெனியைக் கேளுங்கள், டயர் என்றால் டயர் கம்பெனி, வாரண்டி சேஸிஸுக்கு மட்டும்தான், வேண்டுமானால் வண்டியை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு வந்து விடுங்கள்... டை கட்டிய பையனைக் கேட்டேன். அவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். புத்திசாலி.

அப்பா ஒரு நாள் காலை, "மாட்டு வண்டியை" என்றார். நேராக நாமக்கல்.

நாமக்கல் என்றால் உங்களுக்கு முட்டையும் 18 அடி ஆஞ்சநேயரும் ஞாபகம் வரலாம். லாரிக்காரர்களைக் கேட்டால் பாடி கட்டுகிற பட்டறைகளைச் சொல்வார்கள். ஃபாக்டரியில் இருந்து வெறும் சேஸிஸாக வருகிற லாரி, இங்கேதான் கேபினும் தொட்டியும் கட்டி, பெயிண்ட் அடித்து, பூ வரைந்து, மாலை போட்டுப் புறப்படும். வேறு மாநில லாரிகளெல்லாம் தேடி வருகின்றன. ஆசாரி தனி, வெல்டர் தனி, டிங்கர் தனி, வயரிங் தனி, பெயிண்டர் தனி. யாரும் யார் வேலையிலும் கை வைப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் கேரவன் என்று நாம் இப்போது வாய் பிளக்கிற சமாசாரத்தை இவர்கள் எப்போதோ கட்டிவிட்டார்கள். கேபினுக்குள் படுக்க ஒரு பலகை, சாமி படம், ஸ்டவ் வைக்க ஓரிடம். அப்பா அதில்தான் பாதி ஆயுசைக் கழித்தார். கக்கூஸ் மட்டும் கிடையாது.

மேஸ்திரி அப்பாவின் பழைய சிநேகிதர். டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஏணி போட்டு ஏறினார். ஒரு பையனைக் கூரை மேல் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, தான் உள்ளே போய் உட்கார்ந்து, ஒழுகும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஏழு வட்டம். கூரையில் காற்றுப்போக்கி மாட்டிய இடத்தில் ஸ்க்ரூ மட்டும் முடுக்கி, அடியில் பசையே வைக்கவில்லை. ஷோரூமில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நானோ காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாமா?" என்றேன்.

"ரெண்டு மணி நேர வேலை தம்பி. ஆனா நான் தொட மாட்டேன்" என்றார். "நான் கை வெச்சா, 'வெளியாள் பிரிச்சுட்டான், வாரண்டி போச்சு'ன்னு கையை விரிச்சிருவான். போட்டோ புடி. கடுதாசி போடு. ஆபீஸ்லதானே வேலை பார்க்கறே?"

சுருக்கென்றது. 11 வருஷமாக 'பார்வையில் காணும் கடிதம்' என்று எழுதியே சம்பளம் வாங்குகிறவன் நான். மூன்று வாரமாகப் போனில் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்!

அன்று ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 1986 சட்டப்படி என்றால், பொதுவாக எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். ரெண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் 1915 என்ற நம்பருக்குப் போன் பண்ணியும் புகார் கொடுக்கலாம். ரெண்டையும் கடிதத்தில் சேர்த்தேன். பில் நகல், ஏழு சாக்பீஸ் வட்டத்தின் போட்டோ, நான் போன் பண்ணிய தேதிகளின் பட்டியல், 'சேவைக் குறைபாடு' என்று அடிக்கோடிட்ட ஒரு பாரா, 15 நாள் கெடு. ரிஜிஸ்தர் தபால்தான் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு ஐக்கியமாகிவிட்டதே, அதனால் ஸ்பீடு போஸ்ட்டிலேயே அனுப்பினேன். எங்கள் ஆபீஸ் கடிதம் எதையும் நான் இவ்வளவு அக்கறையாக டைப் அடித்ததில்லை.

ஒன்பதாவது நாள் ரெண்டு மெக்கானிக்குகள் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு பை. அதில் மாற்றுச் சட்டை. ஏணி இல்லை, துளை போடும் மெஷின் இல்லை. எல்லாவற்றையும் மேஸ்திரியிடம் வாங்கித்தான் வேலை செய்தார்கள். மேஸ்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அங்க இன்னும் கொஞ்சம் பசை வை சாமி" என்று சூபர்விஷன் பண்ணினார். இண்டிகேட்டர் வயரை மாற்றினார்கள். குழாய் மோட்டாருக்குப் புதுசு வர இன்னும் ரெண்டு வாரம் ஆனது. அதுவரை நான் தினமும் ஒரு கடிதம். பழக்கம் விடுமா?

மார்ச் மாதம் தூத்துக்குடி கிளம்பினோம். கரூர், திண்டுக்கல், மதுரை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓரங்கட்டினேன். அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பீரமாக இறங்கிப் போய் வருவாள். வழியெல்லாம் தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்தாள். தூத்துக்குடி வருவதற்குள் மூன்று இளநீர்!

மறுநாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் உப்பளம். அப்பா கைலியோடு வரப்பில் முன்னால் நடந்தார். எந்தப் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சுவார்கள், எப்படி வாரிக் குவிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அம்மா எதற்கும் பதில் சொல்லாமல், வெள்ளைக் குவியலில் இருந்து ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

சரியாக அந்த நேரத்தில் என் போன் அடித்தது. டீலர் ஆபீஸில் இருந்து ஒரு பெண்.

"சார், எங்க சர்வீஸ் எப்படி இருந்துச்சு? ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் குடுப்பீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"யாரு அம்மணி? இங்க உப்பளத்துல இருக்கறோம். கண்ணு கூசுது போ. நீ வந்து பார்த்திருக்கறயா?"