கும்மியும் மின்னலும்

கொங்கு நாட்டில் வள்ளி கும்மி அரங்கேற்றம் என்றால் அநேகமாக இரவில்தான். கோயில் மைதானத்தில் வாத்தியார் பாட, ஒரே நிறச் சேலை உடுத்த பெண்கள் நூற்றுக்கணக்கில் சுழன்று அடிவைப்பதைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் போட்டோக்களைப் பார்த்தாலோ, முகங்கள் மங்கல். கைகள் இருந்த இடத்தில் புகை! கோவை மாவட்டத்து ஸ்ரீ பத்ரப்பன் போன்றவர்கள் ஆயுள் முழுதும் காத்த கலை இது. பெண்களையும் இதில் பழக்கிய அந்தப் பெரியவருக்கு 2024-ஆம் வருஷம் பத்மஸ்ரீ கிடைத்தது. அத்தகைய ஆட்டம் வெறும் புகையாக மிஞ்சலாமா?

அன்னூர்ப் பக்கத்தில் நம் மாணவிகள் ஆடவிருந்த அரங்கேற்றத்துக்குக் காமிராவும் கையுமாகப் போக நேர்ந்தது. அவர்களைப் பயிற்றுவித்த முதியவருக்குக் கண் பார்வை குறைந்து வருகிறது. "என்ர அடவைப் படம் புடிச்சு வெச்சுருங்க சார். பொறவு வர்ற புள்ளைகளுக்கு வேணுமுங்க" என்றார்.

பிளாஷ் விளக்கைக் காமிராவின் தலைமேலேயே வைத்து அடித்தால் ஆள் சுவரொட்டிபோலத் தட்டையாக விழுகிறார். பக்கவாட்டில், சற்று உயரத்தில் நிறுத்தினால்தான் சேலை மடிப்பும் கால் நரம்பும் தெரியும். ஆனால் தள்ளி நிற்கும் விளக்குக்குக் காமிரா திறக்கும் கணம் எப்படித் தெரியும்? கம்பியால் இணைக்கலாம், கும்மி மைதானத்தில் கம்பியைக் கிடத்துவது ஆடுகிறவர் காலை வாரிவிடுவதற்குச் சமம். ஆகையால் ரேடியோ டிரிக்கர் ஜோடி ஒன்று வாங்கினோம். ஒன்று காமிராவின் தலையில், மற்றொன்று விளக்கின் அடியில்.

நண்பர் ஒருவர் தம் தகப்பனார் காலத்துப் பிளாஷைக் கொண்டுவந்தார். மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தோம். பழைய விளக்குகள் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருப்பதுண்டு. சில டிஜிடல் காமிராக்களோ சில வோல்ட்டுக்கு மேல் தாங்கா.

இனி வேகம். காமிராவில் இரண்டு திரைகள். முதலாவது திறக்க, இரண்டாவது மூடும். பெரும்பாலானவற்றில் ஏறத்தாழ 1/200 விநாடி வரையில்தான் சட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் வைத்தால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். 1/200 விநாடியில் சுழலும் கை நிற்குமா? நிற்காது. அதை நிறுத்துவது திரையல்ல, விளக்கு! பிளாஷின் சக்தியை 1/16 பங்காகக் குறைத்தால், அது எரியும் நேரம் ஏறத்தாழ 1/10,000 விநாடியாகச் சுருங்குகிறது. மின்சாரத்தைப் பாதியில் துண்டித்தே ஒளியைக் குறைக்கிறார்கள் என்பதுதான் காரணம். பணம் குறையக் குறையச் சம்பளம் வேகமாகத் தீர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யுக்தி புதிதல்ல. சுழலும் சக்கரத்தில் செய்தித்தாளை ஒட்டி, லெய்டன் ஜாடிகளின் மின்பொறியால் அதைப் படம் பிடித்துக் காட்டினார் டால்பட், லண்டனில், 1851-ல்.

மைதானத்து விளக்குகளும் படத்தில் புகுந்தால் மறுபடியும் புகைதான். முதலில் பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்தோம். முழுக் கறுப்பு. பரம திருப்தி!

ரேக்ளா பந்தயத்துக்கும் இதையே செய்யலாமே என்கிறார்கள் சிலர். கூடவே கூடாது. பாய்ந்தோடும் காளையின் கண்ணில் மின்னலடித்தால் வண்டியிலிருப்பவன் கதி என்ன? அங்கே சூரியன் போதும்.

பெரிய அளவில் அச்சிட்டுப் படங்களை முதியவரிடம் கொடுத்தோம். தம் அடவைச் சீக்கிரமே தள்ளிவிட்டு, மாணவிகள் வரிசையைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "மூணாவது புள்ள காலை மாத்திப் போட்டிருக்குதுங்க" என்றார்.