ஏடு தந்தவர் பெயர்

நுழையும்முன்

பிறர் அறிவைத் துணையாகக் கொள்ளாமல் எவரும் எழுத இயலாது. எடுத்தாள்வது நம் மரபு. எடுத்த இடத்தைச் சொல்வதும் அம்மரபின் பகுதியே. விரல் நுனியில் எழுத்தெல்லாம் கிடைக்கும் இக்காலத்தில் உரியவர் பெயரைச் சொல்வது ஏன் இன்றியமையாதது என்பதை, ஓர் ஆசிரியர் தம் பிழையைக் கொண்டே எடுத்துரைக்கிறார்.

மேலப்பாளையத்துப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு ‘நம் ஊர்த் தொழிற்சொற்கள்’ என்னும் தலைப்பில் ஒப்படைவு ஒன்று கொடுத்திருந்தேன். ஒரு மாணவர் கைத்தறிச் சொற்களைப் பற்றி எழுதிவந்து வகுப்பில் படித்தார். பாவு, ஊடை, நாடா, தார் என ஒவ்வொன்றுக்கும் தெளிவான விளக்கம் இருந்தது. ‘அச்சு’ என்பது பாவு நூலை மேலும் கீழுமாகப் பிரிக்கும் கண்ணிகளின் தொகுதி என்றும், ‘விழுது’ என்பது ஊடை நூலை நெருக்கித் தட்டும் சீப்புப் போன்ற கருவி என்றும் அவர் படித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“ஐயா, இது மாறியிருக்கு. சீப்பு மாதிரி இருக்கிறதுதான் அச்சு. எங்க வாப்பா தறியில் பார்த்திருக்கேன்.”

“இந்த விளக்கம் உனக்கு எங்கே கிடைத்தது?” என்று படித்தவரைக் கேட்டேன்.

“கைபேசியில் தேடினேன் ஐயா. கிடைத்ததை எழுதிவிட்டேன்.”

“எழுதியவர் யார்?”

“பெயர் எதுவும் இல்லை ஐயா.”

ஏட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் வரியைத் தாண்டுவதற்குள் அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த வரிகள் நான் ஓர் இதழில் எழுதியவை. அச்சையும் விழுதையும் இடம் மாற்றிய பிழையும் என்னுடையதே. யாரோ என் கட்டுரையை எடுத்துப் பெயரை நீக்கிப் பரப்பியிருக்கிறார்கள். முதலில் எழுந்தது சினம். அன்று மாலை வீடு திரும்பும்போது அச்சினம் நாணமாக மாறியிருந்தது. அக்கட்டுரையிலிருந்து என் பெயர் நீக்கப்படுவதற்கு முன்பே, நான் வேறொருவர் பெயரை நீக்கியிருந்தேன்.

அது 1996-ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தெருவில் நடந்தால் தறியோசை காதில் விழும் காலம். நெசவாளர் வீட்டு மாணவி ஒருவர், தம் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு நாற்பது பக்க ஏடு ஒன்றில் தறிச்சொற்களை எழுதி வைத்திருந்தார். பாவு ஓட்டும்போது சொல்லும் சொல், நூல் அறுந்தால் சொல்லும் சொல், கஞ்சி மிகுந்தால் சொல்லும் சொல் என எல்லாம் அதில் இருந்தன. படித்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்தேன். அடுத்த ஆண்டு ஓர் இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. அந்த ஏட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டே எழுதினேன். அவசரத்தில் அருகருகே இருந்த இரண்டு சொற்களின் விளக்கங்களை மாற்றி எழுதியதை நான் கவனிக்கவில்லை. ‘மேலப்பாளையத்தில் திரட்டியவை’ என்று ஒரு வரி சேர்த்தேன். யார் திரட்டியவை என்பதை எழுதவில்லை. ‘பள்ளி மாணவியின் பெயரை ஆய்வுக் கட்டுரையில் போடுவதா?’ என்ற எண்ணம் இருந்ததை இன்று மறைக்க விரும்பவில்லை.

இதழ் வந்ததும் பெருமையோடு அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அவர் தந்தை நிதானமாகப் படித்தார். “நல்லா இருக்கு சார். எங்க பிள்ளை நோட்டைப் படிக்கிற மாதிரியே இருக்கு” என்றார். அச்சொல்லில் குற்றச்சாட்டு இல்லை. மாணவி தலைகுனிந்து நின்றார். அதன்பின் அவர் எந்த ஏட்டையும் என்னிடம் காட்டவில்லை.

உரியவர் பெயரைச் சொல்லாமை ஒருவர் மனத்தைப் புண்படுத்துவதோடு முடிவதில்லை. மாணவியின் பெயரை எழுதியிருந்தால், ஐயம் கொண்ட ஒருவர் அவரைத் தேடிச் சென்று கேட்டிருப்பார். அவர் பாட்டியிடம் கேட்டிருப்பார். பிழை ஒரே நாளில் திருந்தியிருக்கும். பெயரை மறைத்ததால் மூலத்துக்குத் திரும்பிச் செல்லும் வழியே அடைபட்டது. பிழை மட்டும் படிதோறும் பயணம் செய்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு என் வகுப்பறைக்கே வந்து நின்றது.

இதே பொருநைக் கரையில் நடந்த வேறொரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கிறேன். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், பத்துப்பாட்டுச் சுவடிகளைத் தேடி நெல்லைச் சீமைக்கு வந்தார். ஆழ்வார்திருநகரியில் இலட்சுமணக் கவிராயர் வீட்டில் தேடியும் கிடைக்கவில்லை. பின்னர்க் கவிராயர் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டிலிருந்து ஒரு சுவடியைக் கொணர்ந்து கொடுத்தார். நிலவொளியிலேயே அதைப் பிரித்துப் பார்த்த உ.வே.சா., முல்லைப்பாட்டைக் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தார். 1889-இல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது. பல்லாண்டு உழைப்பில் பதிப்பித்தவர் அவர். ஆயினும் ஏடு தந்தவர்களின் பெயர்களையும் ஊர்களையும் தம் பதிப்புகளின் முகவுரைகளில் முறையாகக் குறித்தார். தம் வாழ்க்கை வரலாற்றிலும் அவர்களை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அதனாலன்றோ நூறாண்டு கடந்தும் ஆழ்வார்திருநகரிக் கவிராயர்களை நாம் அறிகிறோம்!

மூலத்தின் பெயரைச் சொல்வதால் நூல்களே உயிர் பிழைத்ததும் உண்டு. ‘புறத்திரட்டு’ என்னும் பழந்தொகை நூலை, நெல்லைச் சீமையில் பிறந்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1938-இல் பதிப்பித்தார். அதைத் தொகுத்த சான்றோர் தம் பெயரைச் சொல்லவில்லை. ஆனால், பாடல்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்பதைக் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. வளையாபதியும் குண்டலகேசியும் அவ்வாறே. இன்று அவற்றுள் நாம் படிக்கும் பாடல்களில் மிகுதியானவை இத்தொகையால் எஞ்சியவை. நூற்பெயர் இல்லையேல் அவை எவருடையனவென்று அறியாத உதிரிப் பாடல்களாகவே நின்றிருக்கும்.

இன்று இக்கடமைக்குச் சட்டமும் துணைநிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் தம் நூலின் பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னும் ‘இதை எழுதியவர் நானே’ என உரிமை கோர இடமளிக்கிறது. நெல்லையில் பயின்ற பாரதியின் படைப்புகள் 1949-இல் அரசுடைமை ஆயின. அவற்றை எவரும் அச்சிடலாம். எவரும் தம் பெயரில் அச்சிடலாகாது. உயர்கல்வியில் எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிமுறைகளை வகுத்தது. அதன்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை இருந்தால் மாணவரின் பதிவே நீக்கப்படலாம். ஆயினும், தண்டனைக்கு அஞ்சி மட்டுமே பெயரைச் சொல்பவர், பிடிபடாத இடத்தில் சொல்லாமல் விட்டுவிடுவார்.

மாணவர்களே, முறை எளிது. பிறர் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் இடுங்கள். ஆசிரியர், நூல், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். கருத்தை உங்கள் சொற்களில் சுருக்கினாலும் மூலத்தைக் குறியுங்கள். இணையத்தில் படித்ததாயின் எழுதியவர் பெயரோடு தலைப்பையும் பார்த்த நாளையும் சேருங்கள். பெயரில்லாத செய்தியை வேறிடத்தில் சரிபாராமல் ஏற்காதீர்கள். பாட்டி சொன்னதாயின் பாட்டியின் இசைவு பெற்று, அவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். நூலாசிரியருக்கு உள்ள மதிப்பு அவருக்கும் உண்டு.

நான் அம்மாணவியைத் தேடிச் சென்றேன். அவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தார்கள். பாட்டி மறைந்துவிட்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே சென்று பழைய ஏட்டை எடுத்து வந்தார். அச்சும் விழுதும் அதில் சரியாகவே இருந்தன. “திருத்தி எழுதுங்க சார். என் பெயரைவிட எங்க பாட்டி பெயரை முதலில் போடுங்க” என்றார்.

அப்பட்டியலைத் திருத்திப் பள்ளி மலரில் வெளியிட்டோம். இருவர் பெயரும் மேலே உள்ளன. படியெடுத்துத் தந்தவன் என்று என் பெயர் கீழே உள்ளது. இப்பாடத்தில் தம் பெயர் வேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டார். சொல்லச் சொல்வதும் வேண்டா என்பதும் அவருடைய உரிமை. அதை அவரிடம் கேட்டறியவே எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் தொழில் ஒன்றன் சொற்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றுடன் பட்டியலிடுக.

2. நீங்கள் முன்பு எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் மூலம் குறிப்பிடாத இடங்களைக் கண்டறிந்து திருத்தி எழுதுக.