தீப்பெட்டிக் கைபேசி

"உடனே புறப்பட்டு வா" என்று பெரியப்பா சொன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் "எதற்கு?" என்று கேட்கும் வழக்கமில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் இயந்திரங்களையும் மனிதர்களையும் அதட்டி வேலை வாங்கிய குரல் அது. இந்தத் தடவை மட்டும் அவராகவே காரணத்தையும் சொன்னார்.

"உன் தம்பி பெண்டாட்டி கடை வைக்கப் போகிறாளாம். போன் ரிப்பேர்க் கடை! நீ பத்திரிகையில் எழுதுகிறவள், நாலு விஷயம் தெரிந்தவள். வந்து நல்ல வார்த்தை சொல்லு. நீ சொன்னால் கேட்பாள்."

நல்ல வார்த்தை என்றால் 'வேண்டாம்' என்ற வார்த்தை என்பது எனக்குப் புரிந்தது. காரியாலயத்தில் லீவு சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலையில் ரயிலேறினேன். புறப்படும்போது, அலமாரியின் மூலையில் கிடந்த பழைய கைபேசியையும் பையில் போட்டுக்கொண்டேன். அதை ஏன் போட்டுக்கொண்டேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திராது.

விழுப்புரத்தில் இறங்கி, கடலூர்ப் பக்கம் போகும் பாஸஞ்சரைப் பிடித்தேன். பண்ருட்டியில் பலாப்பழ வாசனை ஏறிக்கொண்டது. அதன் பிறகு கரும்பு வயல்கள். நெல்லிக்குப்பம் வந்துவிட்டதை ஸ்டேஷன் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆலை ஓடுகிற காலமாயிருந்தால் பாகு வாசனையே வந்து வரவேற்கும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே இருந்து வரும் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை நாட்டின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று. அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு இயந்திரம் என்பது அதிசயப் பொருள் அல்ல. ஆனால், ஒரு பெண்பிள்ளை கையில் திருப்புளியோடு கடையில் உட்காருவது என்றால் மட்டும் அதிசயந்தான் போலிருக்கிறது!

பெரியம்மா கொடுத்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் கேஸ் விசாரணைக்கு வந்துவிட்டது.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறாளாம். அட்வான்ஸுக்கு வளையலை அடகு வைக்கிறாளாம். ஊர் என்ன சொல்லும்?" என்றார் பெரியப்பா.

தம்பி தினசரிப் பத்திரிகையின் பின்னால் பத்திரமாக மறைந்துகொண்டான். மருமகள் சமையலறை வாசற்படியில் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை எப்படிக் கலைப்பது என்று தெரியாமல்தான் நான் பையைத் திறந்து பழைய கைபேசியை எடுத்தேன்.

வாசகிகள் இந்த ஜாதிக் கைபேசியைப் பார்த்திருக்கலாம், மறந்தும் போயிருக்கலாம். பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். கட்டை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் மேல்பாதி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும். அடியிலிருந்து வரிசை வரிசையாக எழுத்துப் பொத்தான்கள் வெளிப்படும். தீப்பெட்டியைத் திறக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம் பாட்டிமார்களின் மர அஞ்சறைப் பெட்டியும் இதே தத்துவந்தான். காடியில் ஓடும் பலகை மூடி.

ஒரு காலத்தில் இந்தச் சறுக்குக் கைபேசிகளுக்கு உலகமெங்கும் மவுசு இருந்தது. 1996-ல் வந்த நோக்கியா 8110-ல் பொத்தான்களை மறைக்கும் மூடி மட்டும் சறுக்கும். வளைந்த உருவத்தினால் அதற்கு 'வாழைப்பழம்' என்று செல்லப் பெயர். 2007-ல் கடைக்கு வந்த நோக்கியா என்95 இரண்டு பக்கமும் சறுக்கும். மேலே தள்ளினால் எண்கள். கீழே தள்ளினால் பாட்டுக் கேட்கும் பொத்தான்கள். 2008-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான ஜி1 கூடச் சறுக்குகிற சாதிதான். அப்புறம் எல்லோரும் கண்ணாடியைத் தடவ ஆரம்பித்தார்கள். இரண்டு அடுக்கு என்றால் கனம் கூடும், செலவு கூடும், இடுக்கில் தூசி போகும். சறுக்கு மெல்ல மெல்ல விடைபெற்றுக்கொண்டது. நடுவில் 2018-ல் ஆப்போ கம்பெனி, குட்டி மோட்டார் வைத்துக் காமிரா மட்டும் தானே மேலெழும்பி வரும்படி ஒரு கைபேசி செய்து பார்த்தது. அந்த வழியும் வெகுகாலம் நிலைக்கவில்லை.

என்னுடையது 2011-ல் முதல் சம்பளத்தில் வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இப்போது அது பாதி திறந்து நின்றுவிடும். திறந்தால் திரை இருண்டுவிடும். மூடினால் சில சமயம் வெளிச்சம் வரும்.

"இதைக் கொஞ்சம் பாரேன்" என்று மருமகளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்ட விதத்திலேயே எனக்கு ஆச்சரியம் ஆரம்பித்துவிட்டது. திரையை அவள் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காதருகே வைத்து இலேசாகக் குலுக்கினாள், தேங்காயைக் குலுக்குகிற மாதிரி.

"உள்ளே ஒரு திருகாணி கழன்று ஓடுது அக்கா" என்றாள்.

பிறகு கட்டை விரல் நகத்தை ஓரமெல்லாம் ஓட்டினாள். "நாலு பக்கமும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும். இங்கே நகம் தட்டுது பாருங்க. எப்பவோ கீழே விழுந்திருக்கு."

உண்மைதான். 2013-ல் பஸ் படிக்கட்டில் விழுந்தது. யாரிடமும் நான் சொன்னதில்லை.

நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அமுக்கினாள். எங்கேயாவது 'கிரீச்' என்றால் சட்டம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். கடைசியில், மிக மெதுவாகச் சறுக்கைத் தள்ளினாள்.

"பாதி தூரந்தான் அக்கா நாம தள்ளணும். மீதியை வில் இழுத்துக்கும். நம்ம விரல் விடுறதும் வில் பிடிக்கிறதும் ஒண்ணா இருந்தா அது நல்ல வேலை. நடுவிலே தொய்வு தெரிஞ்சா வில் சோர்ந்திடுச்சு. திறந்து வெச்சு இலேசா முறுக்கிப் பார்க்கணும். கொஞ்சம் ஆடும், ஆடத்தான் செய்யும். அதிகமா ஆடினா தண்டவாளம் தேஞ்சு போச்சு."

எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கும்போது நாம் சுண்டிப் பார்க்கிறோம். கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கிறோம். புடவைக் கரையை விரலால் நெருடிப் பார்க்கிறோம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் கைபேசி வாங்கும்போது மட்டும், கடைக்காரர் படிக்கிற எண்களைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். கைக்குத் தெரிகிற விஷயத்தைக் காதால் கேட்டு வாங்கினால் ஏமாறுவது யார்?

"இதெல்லாம் எங்கே அம்மா கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் ஃபாக்டரியிலே நாலு வருஷம் இருந்தேனே அக்கா! கடைசி சோதனை மேஜையிலே எனக்கு வேலை."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வட்டாரத்தைப் பற்றி நானே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். நோக்கியாவின் பெரிய தொழிற்சாலை 2006-ல் அங்கே உற்பத்தியை ஆரம்பித்தது, 2014 நவம்பர் 1-ந் தேதி நின்றது, ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை செய்தார்கள், இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் வேறு கம்பெனிகளின் கைபேசிகளைப் பெண்களின் கைகள்தான் பூட்டுகின்றன என்றெல்லாம் விவரமாக எழுதியவள் நான். அந்தக் கைகளில் இரண்டு எங்கள் வீட்டிலேயே பத்து வருஷத்துக்கும் மேலாக இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. 2012-ல் கல்யாணம் ஆனதும் வேலையை விட்டாள். அத்துடன், அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பதை நாங்களும் விட்டுவிட்டோம்.

தட்டில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். டப்பாவிலிருந்து சின்னத் திருப்புளிகள் வெளிவந்தன. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றும் வந்தது. பெரியப்பா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலி தள்ளப்பட்டது எங்களை விட்டு விலகி அல்ல, தட்டை நோக்கி என்பதைக் கவனித்தேன்.

கழற்றிய திருகாணிகளை, எந்த இடத்திலிருந்து எடுத்தாளோ அதே வரிசையில் துணிமேல் அடுக்கிக்கொண்டே போனாள். மேல்பாதி தனியாக வந்தது. அடியில் இரண்டு மெல்லிய உலோகத் தண்டவாளங்கள். நடுவில் வளைந்த குட்டி வில். இரண்டு பாதிகளையும் சேர்த்து மஞ்சளாக ஒரு ரிப்பன். ஸரிகைப் பட்டி அளவுதான் இருக்கும்.

"திரைக்குப் போகிற மின்சாரமெல்லாம் இந்த ரிப்பன் வழியாத்தான் அக்கா போகுது. ஒவ்வொரு தடவை திறக்கிறப்பவும் இது மடங்கி நிமிருது. சறுக்கு போனுக்கு உயிர்நாடி இதுதான். சாவும் இதிலேதான்."

தண்டவாளத்தில் படிந்திருந்த பல வருஷத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டினாள். ஓடித் திரிந்த திருகாணியை ஓர் இடுக்கிலிருந்து எடுத்து, அதன் இடத்தில் முறுக்கினாள். ரிப்பனின் முனையை எடுத்துத் துடைத்து மறுபடி அழுத்தினாள். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் தள்ளினாள்.

'டக்!'

அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம்! திறந்த நிலையிலும் திரை பளிச்சென்று எரிந்தது. தம்பி பத்திரிகையை மடித்தே வைத்துவிட்டான்.

ஆனால் மருமகளின் முகத்தில் ஜெயித்த களை இல்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். ரிப்பன் மடிப்பிலே விரிசல் விட்டிருக்கு. இப்ப எரியுது. இன்னும் கொஞ்ச நாள்தான். இதுக்குப் புதுசு கிடைக்கிறது கஷ்டம். இதே மாதிரி செத்த போன் ஒண்ணு கிடைச்சா அதிலேருந்து எடுக்கலாம். அது வரைக்கும் அடிக்கடி திறக்காதீங்க. உள்ளே முக்கியமா ஏதாவது இருந்தா, இன்னிக்கே எடுத்து வெச்சுக்குங்க."

முக்கியமாக ஏதாவது இருந்ததா? இருந்தது. அதைத் தேடித்தான் பெட்டகத்தைப் போல அந்தக் கைபேசியை இத்தனை வருஷம் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. என் தகப்பனார் காலமாவதற்கு முன்பு அனுப்பிய செய்திகள் அதில் இருந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ். புள்ளி கிடையாது, கமா கிடையாது. 'சாப்டியா', 'மழை வருது குடை எடுத்துக்கோ', 'நெல்லிக்குப்பம் அண்ணனுக்கு போன் பண்ணு கோவிச்சுக்குவார்.'

கடைசிச் செய்தியைப் பெரியப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். மறுபடியும் துடைத்துக்கொண்டு படித்தார். தம் தம்பி தம்மைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியை விட்டு அவர் கண் நகரவில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் பேசினார். என்னிடம் அல்ல, பொதுவாக.

"சுரங்கத்திலே நிலக்கரி அள்ளிக்கொண்டு போகிற பெல்ட் இருக்கிறதே, அது மைல் கணக்கிலே ஓடும். அதிலே எங்கேயாவது விரிசல் விட்டால், 'சரியாகிவிட்டது ஸார்' என்று சொல்கிற ஆள் நிறையப் பேர் உண்டு. 'வியாழக்கிழமை வரைக்கும் தாங்கும் ஸார், அதற்குள் மாற்றிவிடுங்கள்' என்று சொல்கிற ஆள் ஒருவன், இரண்டு பேர்தான் இருப்பான். அவன் சொன்னால் நாங்கள் நம்பி நிற்போம்."

நாங்கள் எல்லோரும் சும்மா இருந்தோம்.

"அந்த அறைக்கு எவ்வளவு அட்வான்ஸ் கேட்கிறான்?" என்றார் பெரியப்பா, மருமகளைப் பார்த்து.

அவள் தொகையைச் சொன்னாள். 'அதிகந்தான்' என்பதுபோல் தலையை அசைத்தார்.

"நான் வந்து பேசுகிறேன். குறைப்பான். வளையலை எல்லாம் அடகு வைக்க வேண்டாம். அப்புறம், இந்த மாதிரிப் பிரஷ் உதவாது. நெய்வேலியிலே எனக்குத் தெரிந்த கடையில் நல்ல பிரஷ் கிடைக்கும், வாங்கி வருகிறேன்."

"ஊர் என்ன சொல்லும் என்றீர்களே?" என்று பெரியம்மா சமயம் பார்த்துக் கேட்டாள்.

"ஊர் போனைத் தூக்கிக்கொண்டு வந்து க்யூவில் நிற்கும், போ!" என்றார் பெரியப்பா.

என்னை எதற்காக வரவழைத்தார் என்பதை அதன் பிறகு யாரும் பிரஸ்தாபிக்கவில்லை. நல்ல வார்த்தை சொல்ல வந்த நான், ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டியில் திரும்பினேன். அப்பாவின் செய்திகளை எல்லாம் ராத்திரியே ஒரு நோட்டுப் புத்தகத்தில், அவர் எழுதியபடியே, கமாகூடச் சேர்க்காமல் எழுதி எடுத்துக்கொண்டேன். கைபேசியை மருமகளிடமே விட்டுவிட்டேன். செத்த போன் கிடைக்கும்போது ரிப்பனை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். கடையில் அதுதான் முதல் வேலையாம்.

ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறாள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.